நாடகப் பாட்டு ஆல்பமாகும்போது வசனம் எங்கே போகிறது?

நாடகம் அரங்கேறி முடிந்ததும் அதன் பாட்டுகளை மட்டும் ஆல்பமாக விடலாம் என்று யோசிக்கும் மதுரைப் பக்கத்துக் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். மிக்சரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, மேடையில் பாடியதை அப்படியே பிடித்து ஏற்றிவிடாதீர்கள். நாடகம் பார்க்காதவர் அதைக் கேட்டால் இரண்டாவது பாட்டிலேயே வழி தவறிவிடுவார். மேடையில் பாட்டுக்கு முன்னால் ஒரு வசனம் இருந்தது, ஒரு கண்ஜாடை இருந்தது. பாட்டின் முதல் அடி அதற்குத்தான் பதில். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் கொடுத்தால் யாருக்குப் புரியும்?

இதற்கு டாம் வெயிட்ஸைக் கேளுங்கள். அமெரிக்கப் பாடகர், தன் பாட்டைத் தானே எழுதுபவர், சத்தங்களோடு சோதனை செய்துகொண்டே இருப்பவர். ராபர்ட் வில்சன் இயக்கிய 'த பிளாக் ரைடர்' 1990-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் தாலியா தியேட்டரில் அரங்கேறியது. இசை வெயிட்ஸ், வசனம் எழுத்தாளர் வில்லியம் பர்ரோஸ். காதலிக்காகச் சாத்தானிடம் மந்திரத் தோட்டா வாங்குபவனின் கதை. ஆல்பம் வந்தது 1993-ல். அதே வில்சனோடு செய்த 'ஆலிஸ்' 1992-ல் மேடையேறி, 2002-ல்தான் ஆல்பமானது. பத்து வருஷம்! மேடையின் சூடு ஆறட்டும் என்று விடுவதில் தப்பே இல்லை.

'பிளாக் ரைட'ரில் மொத்தம் 20 துண்டுகள். அவற்றில் பல வார்த்தையே இல்லாத குட்டி இசைத் துண்டுகள். வசனம் போன இடத்தில் அவை உட்கார்ந்திருக்கின்றன. தொடக்கத்திலேயே திருவிழாக் கூடாரத்து வாசலில் நின்று கூவுகிறவரைப் போல ஒரு குரல் நம்மை உள்ளே அழைக்கிறது. நம் நாடகத்தில் பபூன் வந்து சபையைக் கட்டிப்போடுகிற வேலை அது. அதை ஆல்பத்தில் தூக்கி எறிந்துவிட்டு நேராக ராஜபார்ட் (கதாநாயகன்) பாட்டில் ஆரம்பிப்பது பெரிய பிழை.

'வள்ளி திருமண'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் பறவை ஓட்ட வள்ளி ஆலோலம் பாடும்போது மேடையில் பரண் தெரிகிறது, கவண் தெரிகிறது. ஆல்பத்தில் எதுவும் தெரியாது. பாட்டுக்கு முன் எட்டு, பத்து விநாடி தினைப்புனத்துச் சத்தம் போதும். ஆனால் அதை இணையத்தில் இறக்காமல், அழகர்மலை அடிவாரத்தில் விடியற்காலையில் போய்ப் பதிவு செய்யுங்கள். நாரதர்–வள்ளி தர்க்கத்தை ஆல்பத்தில் அடைக்க முடியாது. நல்ல ஜோடி அமைந்தால் மேடையில் அது நீண்டுகொண்டே போகும். அதிலிருந்து ஒரு கேள்வியையும் ஒரு பதிலையும் மட்டும் எடுத்து, பாட்டின் முதல் அடியோடு ஒட்டினாற்போல் வையுங்கள். 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்தில் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான். அப்போதே முழு நாடகத்தையும் வசனத்தோடு பல தட்டுகளாகப் பிரித்து 'செட்'டாக விற்றார்கள். இன்று நேரத் தடையே இல்லை, நாம்தான் வசனத்தை அவசரமாக வெட்டுகிறோம்.

இனி பதிவு. முதலில் ஆர்மோனியம். ட்யூனர் செயலியை வைத்து அந்தப் பெட்டியின் சுருதியை அளந்துவிடுங்கள். பழைய பெட்டிகள் பெரும்பாலும் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். மற்ற வாத்தியங்களைப் பெட்டிக்குச் சேருங்கள். பெட்டியை மற்றவற்றுக்குச் சேர்க்கப் பார்க்காதீர்கள். பெட்டிக்குள் அதிர்ந்து சுரம் தருகிற உலோக நாக்குதான் ரீடு. அதன் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். அதைச் செய்யத் தெரிந்த கை வேண்டும், அவசரத்தில் செய்தால் ரீடு போய்விடும். துருத்தியின் மூச்சுச் சத்தத்தை அழிக்காதீர்கள். வெயிட்ஸ் காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தை விரும்பிச் சேர்ப்பதும் அந்த மூச்சுக்காகத்தான் என்று நினைக்கிறேன். சிறுவர்களே நடித்த நம் பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்கள் கால் ஆர்மோனியத்தில்தான் வளர்ந்தன.

விருத்தத்துக்கு கிளிக் (காதில் தாளம் காட்டும் 'டிக் டிக்' சத்தம்) போடவே கூடாது. தாளமில்லாமல் பாடுவதை மெட்ரோனோமில் கட்டினால் சொல் செத்துப்போகும். விருத்தத்தைத் தனியாக ஒரே மூச்சில் எடுத்து, அது முடிகிற இடத்தில் மிருதங்கக்காரர் தானே காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) பிடிக்கட்டும்.

மேடைக்காரர் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகியவர். ஐந்து கட்டையில் தொண்டை திறந்து பாடுகிறவரை கண்டென்சர் மைக்குக்கு 15 சென்டிமீட்டரில் நிறுத்தினால் கீச்சிடும், சத்தமும் உடையும். இரண்டடி தள்ளி நிறுத்துங்கள். அளவுமானியில் உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 'ஸ்டுடியோதானே' என்று மூன்று கட்டைக்கு இறக்கிப் பாடச் சொல்வதும் தவறு. குரல் சுகப்படும், பாத்திரம் போய்விடும். அதிகபட்சம் அரைக் கட்டை இறக்கலாம். சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டால் மண்டப எதிரொலி பாதி அடங்கும்.

ஒருவரே எல்லாப் பாத்திரத்தையும் பாடுகிறாரா? குரலை மாற்றி மிமிக்ரி செய்வதைவிட இடத்தை மாற்றுங்கள். ஒரு பாத்திரத்துக்கு மைக் பக்கத்தில், இன்னொன்றுக்கு ஒரு மீட்டர் தள்ளி, மூன்றாவதற்குக் குழாய் ஸ்பீக்கர். 1987-ல் வந்த 'ஃப்ராங்க்ஸ் வைல்ட் இயர்ஸ்' ஆல்பமும் ஒரு நாடகத்திலிருந்து பிறந்ததுதான். அதில் வெயிட்ஸ் கை மெகாபோனிலேயே பாடினார். நமக்கு அது புதுசா? ஊர்த் திருவிழாவில் புளியமரத்தில் கட்டிய குழாயில்தானே பாட்டுக் கேட்டோம்! கம்ப்யூட்டரில் ஈக்வலைசரைத் திருகினால் போன் குரல்தான் வரும். பாட்டை நிஜக் குழாயில் ஒலிக்கவிட்டு, ஆறடி தள்ளி மைக் வைத்துப் பிடித்தால்தான் அந்தத் தகரக் கரகரப்பு வரும்.

ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களை (நிலையான குழுவில் இல்லாமல், ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாக அமர்த்தப்படுபவர்களை) அழைப்பதாக இருந்தால் பங்குனி முதல் ஆடி வரை வேண்டாம். திருவிழாக் காலம், விடிய விடியப் பாடிய தொண்டையோடு வருவார்கள். மார்கழியில் கேளுங்கள், நேரமும் கிடைக்கும், அவர்களுக்கு வருமானமும் ஆகும்.

உரிமை விஷயம்: 'வள்ளி திருமணம்' எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-ல், நாடகப் பாட்டுகள் எழுதிய மதுரகவி பாஸ்கரதாஸ் 1952-ல். இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் வரிகள் பொதுச்சொத்து. ஆகவே இருவர் வரிகளையும் தாராளமாகப் பாடலாம். பிறர் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சேர்ப்பது வேறு விஷயம், பதிவுக்குத் தனி உரிமை உண்டு. பதிவுக்கு முன்பே ஒரு தாளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் ஆர்மோனியம் வாசிக்கும் பின்பாட்டுக்காரர், மிருதங்கம், ஆல்ரவுண்டு (பலவகைத் தாள வாத்தியங்களும் சத்தங்களும் தருபவர்), ஜால்ரா நால்வரின் பெயரும் பாடகர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்து அளவில் இருக்கட்டும்.