ஒன்றரை வயசுக் கடுவனும் கூரையில்லாத ஆட்டுப்பட்டியும்

கூகர், பூமா, மலைச் சிங்கம், ஃப்ளோரிடா பேந்தர். பேர்தான் நாலு, பூனை ஒன்றுதான். வடக்கே கனடாவின் யூகானிலிருந்து தெற்கே சிலியின் கடைக்கோடி வரை பரவிக் கிடப்பதால் போன ஊரிலெல்லாம் ஒரு பேர் வாங்கிக்கொண்டது. சிங்கம் என்கிறார்களே தவிர, கர்ஜிக்க வராது. வீட்டுப் பூனை மாதிரி குர்குர் என்னும், குட்டிகளைப் பறவை போலக் கீச்சிட்டுக் கூப்பிடும். நெருங்கிய சொந்தம் யாரென்று பார்த்தால் ஜாகுவாருண்டி என்ற சின்னக் காட்டுப்பூனை, அடுத்தது சிவிங்கிப்புலி.

அமெரிக்காவில் யார் வீட்டு வாசல் கேமராவிலாவது ஒரு கூகர் நடந்து போகிற வீடியோ சுற்றினால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "பெருகிப்போச்சு, சுட்டுக் குறையுங்க" என்பது ஒன்று. "பாவம், அதோட காட்டை நாமதானே புடுங்கிக்கிட்டோம்" என்பது இன்னொன்று. அந்த வீடியோவில் இருப்பது ஆணா பெண்ணா, என்ன வயசு என்று இரண்டு கட்சியும் கேட்பதில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். பல நேரம் அது தாயை விட்டுப் பிரிந்து சில மாதமே ஆன ஒன்றரை, இரண்டு வயசுக் கடுவன். கூகர் அரசியலின் பாதி குழப்பம் இந்தப் பையனைப் புரிந்துகொள்ளாததால் வருகிறது.

கர்ப்பம் சுமார் 92 நாள். பெரும்பாலும் இரண்டு, மூன்று குட்டி. பிறக்கும்போது உடம்பெல்லாம் புள்ளி, கண் நீலம். அப்பனுக்கு வளர்ப்பில் பங்கில்லை. ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் தாயோடுதான் திரியும். அதன் பிறகு பெட்டைக் குட்டி பல சமயம் தாயின் எல்லையை ஒட்டியே குடியேறிவிடும். ஆண் குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. முதிர்ந்த கடுவன் ஒன்று சில நூறு சதுர கிலோமீட்டரைத் தன் எல்லையாக வைத்திருக்கும். அதற்குள் நாலைந்து பெட்டைகளின் எல்லையும் அடங்கும். அந்த நாட்டாமை பின்னங்கால்களால் சருகை வறண்டி, சாண் நீளத்துக்கு இரண்டு சால் இழுத்து, பின்பக்கம் குவித்து அதன்மேல் மூத்திரம் பெய்து வைத்திருக்கும். பெட்டைக்கு அது அழைப்பு, மற்ற கடுவனுக்கு எச்சரிக்கை. மீறி நின்ற இளம் ஆண் அடிபட்டுச் சாவது சாதாரணம். அதனால்தான் இளம் கடுவன் ஊரை விட்டு நடையைக் கட்டுகிறது.

எவ்வளவு தூரம் என்றால், 2011 ஜூனில் கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஃபோர்டில் கார் மோதி ஒரு கடுவன் செத்தது. மரபணுவைப் பார்த்தால் அது தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் வம்சம். வழியில் மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் விட்டுப்போன தடயங்களும் அதே விலங்குடையவை. 2,400 கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறது. அதே 2011-இல்தான் கிழக்குக் கூகர் அழிந்துவிட்டது என்று அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை அறிவித்தது. பெட்டையே இல்லாத கிழக்கில் பெட்டை தேடிப் போயிருக்கிறது அந்தப் பையன்.

இப்போது வேட்டைக்கு வருவோம். "பெரிய கடுவனைச் சுட்டால் தொல்லை குறையும்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. நாட்டாமை போனதும் காலியான எல்லைக்குள் நாலு திசையிலிருந்தும் இளசுகள் நுழையும். வேட்டையில் கை தேறாத, எல்லை பிடிபடாத வயசு. ஆட்டுப்பட்டியைத் தேடி வருகிற வாய்ப்பு அதற்குத்தான் அதிகம். புதிதாக வந்த கடுவன் பழைய கடுவனின் குட்டிகளைக் கொல்லும். குட்டிகளோடு இருக்கிற பெட்டைகள் அதற்குப் பயந்து வழக்கமான இடத்தை விட்டு ஒதுங்கி, வேறு இரைக்கு மாறுவதையும் வாஷிங்டன் மாநிலத்தில் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே ராபர்ட் வீல்கஸ் குழு 2013-இல் வெளியிட்ட கணக்கு இது. காட்டில் ஒரு கூகர் கூடினால் புகார் வரும் சாத்தியம் சுமார் 5 சதவீதம் ஏறுகிறது. ஒரு கூகர் சுடப்பட்டால் அடுத்த வருஷம் சுமார் 50 சதவீதம் ஏறுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் 30 ஆண்டுப் பதிவுகளை அலசி 2016-இல் வந்த ஆய்வும் வேட்டை கூடிய இடத்தில் மோதலும் கூடியதைத்தான் காட்டியது. இவை தொடர்பைக் காட்டுகிற கணக்குகள், ஆய்வுக்கூடச் சோதனை இல்லை என்ற வாதம் சரியே. ஆனால் "சுட்டால் குறையும்" கட்சி அந்த அளவு கணக்கைக்கூட வைப்பதில்லை.

நம்ம நாட்டிலும் இதே வடிவத்தில் ஒன்று நடந்தது. மகாராஷ்டிராவின் ஜுன்னரில் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விடத் தொடங்கிய பிறகு, மனிதர்மேல் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல் 17 ஆனது. வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் குழு எழுதியது. ஊரறிந்த விலங்கைத் தூக்கினால் ஊரறியாத விலங்கு வரும்.

அதற்காக வேட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூகர் கூட்டம் தானாக வளர்வது ஆண்டுக்குச் சுமார் 14 சதவீதம். அதை வைத்து 12 முதல் 16 சதவீதத்துக்குள் வேட்டையை நிறுத்தும் வரம்பை வாஷிங்டன் கொண்டுவந்தது. அதே மாநிலம் 1996-இல் வாக்கெடுப்பு வைத்து நாய் விட்டு மரமேற்றும் வேட்டையைத் தடை செய்தது. ஈடுகட்ட உரிமச் சீட்டைப் பல மடங்கு விற்றார்கள். மரத்தில் ஏறி நிற்பதை ஆற அமரப் பார்த்தால் ஆணா பெண்ணா தெரியும்; புதருக்குள் பாய்வதில் என்ன தெரியும்? பெட்டைகள் சாவதுதான் கூடியது. 2024 நவம்பரில் கொலராடோவில் முழுத் தடை கேட்ட 127-ஆம் முன்மொழிவு தோற்றது. அந்தச் சண்டையிலும் தடையா இல்லையா என்பதுதான் பேச்சு. எந்த வயசு, எத்தனை சதவீதம் என்பது ஓரமாகவே கிடந்தது.

சரி, ஆடு போனவனுக்கு என்ன பதில்? முதலில், கொன்றது கூகர்தானா என்று பாருங்கள். நாய் கடித்திருந்தால் தொடை, காது, பிட்டம் எல்லாம் கண்டபடி கிழிந்திருக்கும். கூகர் பிடரியிலோ தொண்டையிலோ சுத்தமாக ஒரு கடி வைக்கும். தோலை உரித்துப் பார்த்தால் கோரைப்பல் குழிகளுக்கு நடுவே இரண்டு அங்குலம் மாதிரி இடைவெளி இருக்கும். விலா எலும்புக்குப் பின்னால் திறந்து ஈரல், இதயம், நுரையீரலை முதலில் தின்னும். இரைப்பையைத் தனியே இழுத்துப் போட்டுவிடும். மீதியை இழுத்துப்போய்ச் சருகும் மண்ணும் வாரி மூடிவிட்டு, தின்று தீர்க்கப் பல நாள் திரும்பத் திரும்ப வரும். பக்கத்து ஈர மண்ணில் தடம் இருந்தால் நகக்குறி தெரியாது, குதிகால் மெத்தையின் பின்விளிம்பில் மூன்று மடிப்பு தெரியும். (மூடி வைத்த மான் உடல் வீணாவதில்லை. கிரேட்டர் யெல்லோஸ்டோனில் கூகர் கொன்ற 18 உடல்களருகே பொறி வைத்துப் பார்த்ததில் 215 வகை வண்டு கிடைத்தது.)

அடுத்தது பட்டி. ஆறடிக் கம்பி வேலி கூகருக்கு ஒரு பொருட்டே இல்லை. நின்ற இடத்திலிருந்து 15 அடி உயரம் எம்பும். ஆகவே உயரத்தைக் கூட்டிப் பயனில்லை, கூரை போட வேண்டும். நாலு பக்கமும் மேலேயும் தடித்த வெல்டு மெஷ். கோழி வலை கூடாது, கூகரின் கனத்துக்கே கிழிந்துவிடும். பொழுது சாய்வதற்குள் ஆட்டை உள்ளே அடைத்து, விடிந்த பிறகுதான் திறக்க வேண்டும். பத்து நாள் ஒழுங்காக அடைத்துவிட்டு ஒருநாள் அசந்தால் போச்சு. பட்டிக்குள் இருக்கிற எல்லா ஆட்டையும் கூகர் கொல்வது வெறியில் அல்ல. காட்டில் ஒரு மான் விழுந்தால் மற்றவை ஓடி மறையும், வேலை முடிந்தது. பட்டிக்குள் மிச்சம் எல்லாம் கண்ணெதிரே ஓடிக்கொண்டே இருக்கும், பிடிக்கிற உந்துதல் அடங்காது. 2016-இல் மாலிபுவில் பி-45 என்ற கடுவன் ஒரே இரவில் பத்து அல்பாக்காக்களை (கம்பளிக்காக வளர்க்கும் ஒட்டக இனக் கால்நடை) கொன்றது அப்படித்தான். அதன் பிறகு அந்த மலைப்பகுதியில் முதல் இரண்டு தடவை கொல்லாத வழிகளைச் செய்து பார்த்தாக வேண்டும், மூன்றாவதில்தான் கொல்ல அனுமதி என்று கலிஃபோர்னியா விதி வைத்தது.

கூரை போட முடியாத மலை மேய்ச்சலுக்குச் சிலியில் ஒரு சோதனை நடந்தது: 11 மந்தைகள், தாறுமாறாக நிறம் மாறி மினுக்கும் விளக்குகள். விளக்கு இருந்த மந்தையில் பூமா கை வைக்கவில்லை. நரி மட்டும் சட்டை செய்யவில்லை. ஒரே மாதிரி எரிகிற விளக்கு சில வாரத்தில் பழகிப்போகும் என்பதால் மினுக்கலில் ஒழுங்கு இருக்கக்கூடாது. இன்னொன்று, அழகுக்காகத் தோட்டத்தில் மானுக்குத் தீனி வைக்கிறவர் கூகருக்கும் சேர்த்தே பந்தி வைக்கிறார்.

கூகரை எதிரே பார்த்துவிட்டால்? ஓடாதீர்கள். முதுகு காட்டாதீர்கள், குனியாதீர்கள். குழந்தையைக் குனியாமல் தூக்குங்கள். கையை உயர்த்திக் கத்தி, கண்ணைப் பார்த்தபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் கழுத்தைக் காத்துக்கொண்டு கையில் கிடைத்ததால் அடியுங்கள். செத்ததுபோல் கிடப்பது இங்கே உதவாது. 1890-லிருந்து அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்துச் செத்தவர்கள் சுமார் 30 பேர்தான்.

அந்தப் பையனுக்கு உண்மையான எமன் ரோடு. லாஸ் ஏஞ்சலஸின் பி-22 என்ற கடுவன் இரண்டு பெரு நெடுஞ்சாலைகளைத் தாண்டி கிரிஃபித் பூங்காவுக்கு வந்து, பெட்டையே இல்லாத சுமார் 23 சதுர கிலோமீட்டரில் பத்து வருஷம் தனியாக வாழ்ந்தது. நடுவில் எலிமருந்து உடம்பில் ஏறிச் சொறி பிடித்தது. 2022 டிசம்பரில், வண்டி மோதிய காயமும் முதுமை நோய்களும் சேர்ந்து, கருணைக்கொலை செய்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் 101-ஆம் நெடுஞ்சாலையின் பத்துத் தடங்களுக்கு மேலே விலங்குப் பாலத்துக்கு மண் வெட்டியிருந்தார்கள்.

பாலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளோரிடா. 1990-களில் மிஞ்சியது 20, 30 பேந்தர்தான். சொந்தத்துக்குள்ளேயே கலந்து வால் முறுகி, இதயத்தில் ஓட்டை, கடுவனுக்கு இறங்காத விரை. 1995-இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெட்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து பெட்டைகள் குட்டி போட்டன, கூட்டம் நூறைத் தாண்டியது. ஆனால் தெற்கிலேயே முடங்கிக் கிடந்தது. கலூசஹாச்சி ஆற்றை நீந்தி வடக்கே போனவை எல்லாம் கடுவன்கள். போய் வெறுமனே அலைந்தன. ஆற்றுக்கு வடக்கே 1973-க்குப் பிறகு முதல் பெட்டை உறுதியானது 2016 நவம்பரில். அடுத்த ஆண்டே அங்கே குட்டிகளோடு ஒரு தாய் கேமராவில் பதிந்தது.