நான்கு எழுத்தும் ஒரு வக்கடையும்

போன கிழமை ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அக்காவின் மகன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். ஊதா நிறப் பின்னணியில் பெரிதாக நான்கு ஆங்கில எழுத்துகள்: ஐ.என்.எஃப்.பி. கீழே, "சித்தி, நான் என்ன மாதிரி ஆள் என்று கண்டுபிடித்துவிட்டேன்" என்று ஒரு வரி. அந்த நேரத்தில் அவன் நின்றது கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கம் ஒரு வயல் வரம்பில். இரணைமடு வாய்க்காலில் அன்றைக்கு அவர்களுடைய முறை. வரம்பில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையை வெட்டிவிட்டால், தண்ணீர் கடைசித் துண்டுக்குப் போய்ச் சேரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. நுளம்பை அடித்துக்கொண்டு, ஆளின் குணத்தை நான்கு எழுத்தில் சொல்லும் ஓர் ஆளுமைச் சோதனையின் அறுபது கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறான்.

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. வெட்டுப்புள்ளி வந்தால்தான் கரையா கடலா என்று தெரியும். இந்த இடைக்காலத்தில்தான் எங்கள் பிள்ளைகளுக்கு ஊர் முழுக்க ஆலோசகர்கள் முளைப்பார்கள். அத்தானுக்கு அவன் ஆசிரியராக வேண்டும். அக்காவுக்கு அவன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். மூன்றாவதாக இப்போது இந்த நான்கு எழுத்து வந்து, "நீ எழுத்தாளன், உளவளத்துணையாளன், கலைஞன்" என்கிறது. அவன் இதுவரை எழுதிய மிக நீளமான படைப்பு, அப்பாவுக்காகக் கமநல சேவை நிலையத்துக்கு எழுதிக் கொடுத்த உரமானிய விண்ணப்பம்.

சிரித்தேன் என்று நினைக்க வேண்டாம். அன்றிரவே நானும் அதே சோதனையைச் செய்து பார்த்தேன்.

விருந்து ஒன்றில் புதியவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா என்று ஒரு கேள்வி. எந்த விருந்து? கல்யாண வீட்டில் நான் மண்டபத்தின் கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, யாரும் கண்டுகொள்ளாத கதிரையில் இருப்பேன். செத்த வீட்டில் அப்படியில்லை. தேநீர்க் கேத்தலை எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத கிழவிகளுக்குப் பக்கத்தில் போய் இருந்து, "நீங்கள் அவருக்கு என்ன முறை அம்மா?" என்று கேட்பேன். இரண்டும் ஒரே நான்தான். இதில் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது? கல்யாண வீட்டை நினைத்துப் போட்டேன். அமைதியானவர், மக்களோடு ஓயாமல் பழகும் பணி உங்களைக் களைப்பாக்கும் என்று முடிவு வந்தது.

இந்த எழுத்துகளின் பூர்வீகம் எது என்று தேடிப் பார்த்தேன். சுவிட்சர்லாந்து உளமருத்துவர் கார்ல் யுங் 1921இல், மனிதரில் உள்நோக்கியவர்கள், வெளிநோக்கியவர்கள் என்று பிரித்து எழுதியதுதான் வித்து. அதை, நான்கு இரட்டைகளில் ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கமோ அதற்கு ஓர் எழுத்து என்று வைத்து, 16 வகையாக விரித்தவர்கள் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும்: கதரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ். இருவரும் உளவியல் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரில் ஆண்கள் படைக்குப் போய்விட, தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்ற பெண்களுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று கண்டறிய உதவ வேண்டும் என்பது இசபெலின் எண்ணமாக இருந்தது.

போர், ஆண் இல்லாத வீடு, வேலைக்குக் கிளம்பும் பெண். இந்த மூன்றையும் ஒரே வரியில் வாசித்தபிறகு எனக்கு அமெரிக்கா நினைவில் நிற்கவில்லை.

முகமாலையில் மிதிவெடி அகற்றும் ஒருத்தியை எனக்குத் தெரியும். 2009இல் செட்டிகுளம் முகாமில் எங்களுக்கு மூன்றாவது கூடாரம். தண்ணீர் வரிசையில் சண்டை வந்தால் அவளைத்தான் முன்னுக்கு விடுவோம். வாயைத் திறந்தாள் என்றால் பவுசர்காரனே இறங்கி வந்து சமாதானம் பேசுவான். பொறுமை என்பது அவள் பக்கமே போகாத சொல். அவள் இந்த வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதற்றக்காரிக்கு ஏற்ற தொழிலா அது?

பல வருடங்கள் கழித்து அவள் வீட்டு விறாந்தையில் இருந்து அந்த வேலையை எனக்குச் செய்து காட்டினாள். முழங்காலில் நின்று, முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டதுபோல ஒரு கையசைவு. பிறகு கையில் இல்லாத வாரியால் சீமெந்துத் தரையை மெல்ல, தன்னை நோக்கி, சுரண்டினாள். ஒரு சுரண்டல், ஒரு பார்வை. மறுபடியும் ஒரு சுரண்டல். அடுத்த அங்குலத்துக்கு அவள் போகவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பொறுமை போனது. "உனக்கு எப்படியடி இது முடிகிறது?" என்று கேட்டேன்.

"தண்ணீர் வரிசையில் எனக்குப் பின்னால் நூறு பேர் நின்றார்கள். அதுதான் கோபம். இங்கே எனக்கு முன்னால் மண் மட்டும்தான். பின்னால் ஒருவரும் நெருங்கி நிற்க முடியாது" என்றாள்.

அந்தப் பதிலை நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். எந்தக் கேள்வித்தாளும் அவளை அந்த வேலைக்கு அனுப்பியிருக்காது. முகாமில் அவளிடம் அறுபது கேள்வி கேட்டிருந்தால், அறுபதுக்கும் பவுசர் வரிசையை நினைத்துத்தான் பதில் சொல்லியிருப்பாள். அவளை அனுப்பியது இரண்டு பிள்ளைகளும் மாதச் சம்பளமும். போன இடத்தில்தான் அவளுக்குள் இப்படி ஓர் ஆள் இருந்தது தெரியவந்தது. இதை வைத்து, வறுமை நல்ல வழிகாட்டி என்று யாராவது கருத்திட வந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இல்லை. அதே முகாமிலிருந்து அதே தேவையோடு வேலைக்குப் போய், ஒத்துவராமல் உடைந்துபோனவர்களும் எனக்குத் தெரிந்தவர்கள்தான்.

அவளுக்கும் இப்போது ஒரு கெடு இருக்கிறது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. நிலத்தைத் துப்புரவாக்கி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். வேலை முடிவது நாட்டுக்கு நல்லது, அவளுக்கு வேலையிழப்பு. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகலாமே என்று நான் சொன்னபோது கையை வீசி மறுத்தாள். அங்கே முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள், மணிக்கு இத்தனை துண்டு என்று தலைக்கு மேல் ஒரு கணக்கு. துணி வெட்டுவது பிடிக்கும், தைப்பதற்கு வேறு ஆள் வைக்க வேண்டும் என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தன்னைப் பற்றி அவ்வளவு திருத்தமாகச் சொல்லக்கூடிய ஒரு பட்டதாரியை நான் இன்னும் காணவில்லை.

பட்டதாரி என்றதும் என் கதைக்கு வர வேண்டியிருக்கிறது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற அரசாங்க வேலைப் பழமொழியைக் கேலி செய்து எழுதுவது இப்போது முகநூலில் ஒரு வழக்கமாகிவிட்டது. கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ அதை எழுதுவது சுலபம். வன்னியில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது உழவு இயந்திரம் போனது, மாட்டுப்பட்டி போனது, வீட்டுக் கூரை போனது. போரில் வன்னிக்கும் கொழும்புக்கும் இடையில் எல்லை இருந்த காலத்திலும் ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் கொழும்பிலிருந்து சம்பளம் வந்தது. அதைக் கண்ணால் கண்ட தலைமுறை தன் பிள்ளையிடம், "உன் குணத்துக்கு எது பொருந்தும்?" என்று கேட்காது. எது எஞ்சும் என்றுதான் கேட்கும். அத்தான் இந்தப் பையனை ஆசிரியராக்க நினைப்பதும் அதனால்தான். அவர் முட்டாள் அல்லர்.

2018இல் எனக்குப் பட்டதாரிப் பயிலுனர் நியமனம் கிடைத்தபோது அம்மா முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஊருக்கெல்லாம் கச்சான் வாங்கிவந்து கொடுத்தார். மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுவோம். நான்கு மேசைக்குப் பதினொரு பேர். வரும் கடிதங்களில் திகதி குத்துவது என் பொறுப்பு. என்னிடம் முத்திரை இருந்தது, கதிரை இல்லை. பத்தரைக்குக் கடிதம் முடிந்துவிடும். அதன்பிறகு நாலேகால் வரைக்கும் வேலை செய்வதுபோல் நிற்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது வயலில் நாள் முழுக்க நாற்றுப் பிடுங்கியவளைப்போல் இடுப்பு வலிக்கும்.

அந்த டிசம்பரில் வெள்ளம் வந்தது. இரணைமடுக் கதவுகளைத் திறந்தார்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் நின்றன. பதிவெடுக்க ஆள் போதாமல் எங்களையும் கண்டாவளைப் பக்கம் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் ஓர் ஐயா, நனைந்த நெல்மூட்டை ஒன்றின் வாயை அவிழ்த்து, "கையை உள்ளே விட்டுப் பார் மகள்" என்றார். விட்டேன். உள்ளே சூடாக இருந்தது, காய்ச்சல்காரரின் உடம்பு மாதிரி. கையை எடுத்தபோது விரலிடுக்கில் வெள்ளை வெள்ளையாக முளை. என் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது, இத்தனை கிலோ என்று. எழுதினேன். எழுதி முடித்தபிறகும் எழும்ப மனம் வரவில்லை. அவர் 1983இலிருந்து தொடங்கி அந்த மூட்டை வரைக்கும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு பத்தொன்பது வீடு, முழங்கால் வரை சேறு. இரவு ஒன்பது மணிக்கு வீடு வந்து, அம்மா சோறு போட்டுத் தருவதற்குள் பாயில் சரிந்து நித்திரையாகிவிட்டேன். இடுப்பு வலிக்கவே இல்லை.

"மக்களோடு பழகும் பணி உங்களைக் களைப்பாக்கும்" என்கிறது சோதனை. உண்மைதான், களைத்துத்தான் போனேன். ஆனால் களைப்பில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று நித்திரையைத் தரும், மற்றது நித்திரையைக் கெடுக்கும். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் நா உலரும். ஒரு திண்ணையில் ஒருவரோடு இருந்து கேட்கச் சொன்னால் பொழுது போவது தெரியாது. இரண்டுக்கும் "மக்கள் தொடர்பு" என்று ஒரே பெயரை வைத்தது யார் என்பதுதான் எனக்குப் புரியாத விடயம். பிறகு நான் அந்த அலுவலகத்திலேயே கெஞ்சாத குறையாகக் கேட்டு வெளிக்களப் பிரிவுக்கு மாறினேன். அம்மாவுக்கு இன்றும் கவலை: வெயிலில் அலைகிறேனாம், மேசை இல்லையாம்.

ஆகவே இந்தச் சோதனைகளைக் குப்பையில் போடு என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு எழுத்துக்காரியை விட எனக்குப் பிடித்தவர் ஜோன் ஹொலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். 1959இல் அவர் முன்வைத்த முறையில் ஆறு வகை. கையால், கருவியால் செய்பவர், ஆராய்பவர், கலைஞர், பிறருக்கு உதவுபவர், ஆளைத் திரட்டித் தொழில் நடத்துபவர், கணக்கும் ஒழுங்கும் பேணுபவர். அதில் எனக்குப் பிடித்தது, மனிதரை மட்டுமல்லாமல் வேலை இடத்தையும் அதே ஆறாகப் பார்த்தது. பாதிக் கேள்வியையாவது அங்கே நோக்கித் திருப்பினார். என்றாலும் ஒரு வன்னிக் கமக்காரனை அந்த ஆறில் எதற்குள் போடுவது என்று எனக்கு விளங்கவில்லை. காலையில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கழற்றுவார், மத்தியானம் இலையைத் திருப்பி நோயைப் பார்ப்பார், பின்னேரம் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தண்ணீர்ப் பங்குக்காக மேசையில் அடிப்பார்.

பையனிடம் மறுபடி செய்து பார்க்கச் சொன்னேன். ஓர் எழுத்து மாறிவிட்டது. ஆச்சரியமில்லை; சில வாரம் கழித்துச் செய்தால் கணிசமானோருக்கு வேறு வகை வருவது இந்தச் சோதனை மீது நெடுநாளாக இருக்கும் குறைதான். நடுக்கோட்டுக்கு அருகில் நிற்பவரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிட்டு எழுத்தை ஒட்டினால் அப்படித்தான் வரும். "எது சரி சித்தி?" என்றான். "அதை விடு. நேற்றிரவு தண்ணீர் கட்டினாயே, அதில் எந்த வேலை உனக்குப் பிடித்தது?" என்று கேட்டேன்.

நினைத்ததை விட அதிகம் பேசினான். மண்வெட்டி பிடிக்காதாம். இரவு விழிப்பதும் பிடிக்காதாம். ஆனால் எந்தத் துண்டு எத்தனை விரல் பள்ளம் என்று தண்ணீர் போகும் போக்கிலேயே தெரிந்துவிடுமாம். மூன்றாவது துண்டின் மேற்கு மூலையில் ஒரு மேடு இருக்கிறதாம், அப்பாவுக்கு அது தெரியாதாம், சொன்னால் ஏசுவாராம். ஒரு தாளில் கீறியும் வைத்திருக்கிறான். படத்தை அனுப்பினான். துண்டு துண்டாக, அம்புக்குறி போட்டு, அழகான கோடு. எழுத்தாளனும் இல்லை, உளவளத்துணையாளனும் இல்லை. இந்தப் பிள்ளை படித்த பாடசாலையில் கணிதப் பிரிவு இல்லை. கலைப் பிரிவுதான் இருந்தது, கலை படித்தான். அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அவன் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் பதினாறு வயதில் அவன் எந்த வகுப்பில் இருப்பான் என்பதை அவன் குணம் தீர்மானிக்கவில்லை, ஆசிரியர் வெற்றிடம் தீர்மானித்தது. இதற்கு எந்த எழுத்தும் இல்லை.

என் வெளிக்கள வேலையில் பழக்கமான நில அளவையாளர் ஒருவர் இருக்கிறார். காணி எல்லைப் பிரச்சினை இந்த மாவட்டத்தில் தீராது, அவருக்கும் வேலை ஓயாது. இரண்டு கிழமைக்கு ஒரு பையனைத் தடி பிடிக்கக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டேன். சம்பளம் இல்லை, மதியச் சோறு தருவேன் என்றார். வருகிற திங்கட்கிழமை ஒட்டுசுட்டானில் தொடங்குகிறார்கள். முள்ளுக்காடு என்பதால் என் பழைய களச் சப்பாத்தைக் கொடுத்தேன். கொஞ்சம் இறுக்கம், பரவாயில்லை என்கிறான்.

அத்தான் என்னோடு சரியாகப் பேசவில்லை. தண்ணீர் முறை புதன்கிழமை இரவு வருகிறதாம், பையன் இல்லாமல் யார் வக்கடை பார்ப்பது என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார். அதுவும் நியாயமான கேள்விதான். புதன்கிழமை நான் போய் நிற்கலாம் என்று இருக்கிறேன். மூன்றாவது துண்டின் மேற்கு மூலையைப் பார்க்க வேண்டும்.