முப்பது பேருக்கு மட்டும் ஆணையர்

2023 ஜூன் 13 இரவு, அமெரிக்காவின் ஓக்லாண்டு நகரிலுள்ள கொலீசியம் மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே மாதிரியான பச்சைச் சட்டையில் அமர்ந்திருந்தார்கள். மார்பில் ஒரே ஒரு சொல்: 'விற்றுவிடு'. அந்த நகரத்தின் பேஸ்பால் அணியான ஏ'ஸை லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோகத் துடித்த உரிமையாளர் ஜான் ஃபிஷருக்கு அவர்கள் சொன்ன செய்தி அது. ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது மைதானமே பேச்சை நிறுத்திக்கொண்டது. பிறகு எல்லோரும் சேர்ந்து முழங்கினார்கள், அணியை விற்றுவிடு என்று. அந்தப் பருவத்தில் அதுவரை சராசரியாகப் பத்தாயிரம் பேர்கூட வராத இடத்துக்கு அன்று வந்தவர்கள் 27,759 பேர். அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இரண்டு நாள் கழித்து, அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீக் பேஸ்பாலின் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் வாய் திறந்தார். ஒரே ஒரு இரவுக்காவது லீகின் சராசரிக் கூட்டம் வந்ததே, நல்லது என்ற பொருளில் பேசினார். தலைமுறை தலைமுறையாக ஓர் அணியை நேசித்தவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது, விளையாட்டின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் பேசிய பேச்சு இது. அதே ஆண்டு நவம்பரில் லீகின் 30 அணி உரிமையாளர்களும் ஒருவர்கூட எதிர்க்காமல் அணியின் இடமாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள்.

மேன்ஃப்ரெட் என்ற ஒரு மனிதர்மீது மட்டும் எனக்குக் கோபம் இல்லை. அந்த நாற்காலி செய்யப்பட்ட விதமே கோணல் என்பதுதான் என் கருத்து. ஆணையரைத் தேர்ந்தெடுப்பவர்கள் உரிமையாளர்கள். சம்பளம் கொடுப்பவர்களும் அவர்களே. ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அதிகாரமோ 'பேஸ்பாலின் நலன்' என்ற பெயரில் இருக்கிறது. யாருடைய நலன் என்பதை அந்தச் சொற்றொடர் சொல்வதில்லை.

இந்தப் பதவி பிறந்ததே ஒரு மோசடியிலிருந்து. 1919இல், லீகின் வாகையரைத் தீர்மானிக்கும் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக சிகாகோ வொயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. விளையாட்டின் மானம் கப்பலேறியதும், உரிமையாளர்கள் 1920இல் கெனசா மவுண்டன் லேண்டிஸ் என்ற நீதிபதியைக் கூட்டிவந்து முழு அதிகாரத்தையும் கொடுத்தார்கள். நீதிமன்றம் எட்டுப் பேரையும் விடுவித்த மறுநாளே அவர்களை வாழ்நாள் முழுவதும் தடை செய்தார் லேண்டிஸ். அவரை உறுதியான மனிதர் என்று இன்றும் புகழ்கிறார்கள். ஆனால் அவர் 1944இல் இறக்கும் வரை மேஜர் லீகில் ஒரு கறுப்பினத்தவர்கூட ஆட முடியவில்லை. அந்தத் தடையை உடைத்த கறுப்பினத்தவர் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியது 1947இல். உரிமையாளர்கள் விரும்பாத இடத்தில் அந்த உறுதி எங்கே போயிற்று?

உரிமையாளர்களை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆணையராக இருந்த ஃபே வின்சென்ட் சாட்சி. 1992இல் அவர்மீது 18க்கு 9 என்ற கணக்கில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. சில நாட்களில் விலகினார். அவருடைய இடத்தில் உட்கார்ந்தவர் மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணியின் உரிமையாளர் பட் செலிக். இரண்டே ஆண்டுகளில், ஊதிய உச்சவரம்புத் தகராறில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, 1904க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடர் நடக்காமல் போனது. வேலிக்குள் பயிரை மேயவிட்டவர்களே காவலாளியையும் நியமித்த கதை.

மேன்ஃப்ரெட் செய்த நல்லதை மறைக்க மாட்டேன். 2023இல் பந்து வீசுவதற்குக் கடிகாரம் கொண்டுவந்தார்: தளங்களில் ஓட்டத்துக்குக் காத்திருக்கும் எதிரணி ஆட்டக்காரர் இல்லை என்றால் 15 வினாடி, இருந்தால் 20. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 24 நிமிடம் குறைந்தது. தயங்கித் தயங்கிக் கிடந்த ஆட்டத்துக்கு மூச்சு திரும்பியது. இது பெரிய வேலை.

ஆனால் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் விவகாரத்தை என்னால் மன்னிக்க முடியாது. 2017இல் அவர்கள் செய்தது இது: நடுக்களத்துக் கேமரா வழியாக எதிரணிக் கேட்சர் (பந்தைப் பிடிப்பவர்) பந்து வீசுபவருக்குக் காட்டும் விரல் சைகையைத் திரையில் பார்ப்பது, வேகம் குறைந்த பந்து வரப்போகிறது என்றால் குப்பைத்தொட்டியை ஓங்கித் தட்டுவது. ஒளிபரப்பின் பதிவிலேயே அந்தச் சத்தம் கேட்கிறது. அந்த ஆண்டு கோப்பையும் வென்றார்கள். 2020 ஜனவரியில் மேன்ஃப்ரெட் அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம் போட்டார், மேலாளரையும் பொது மேலாளரையும் ஓராண்டு இடைநீக்கம் செய்தார். உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் ஆட்டக்காரர் ஒருவருக்கும் தண்டனை இல்லை. கோப்பையைத் திரும்பப் பெறுவீர்களா என்ற பேச்சு எழுந்தபோது அதை 'ஓர் உலோகத் துண்டு' என்றார். பிறகு வருத்தம் தெரிவித்தார். அந்தத் துண்டுக்காகத்தானே ஆண்டுக்கு 162 ஆட்டம் ஆடுகிறார்கள்!

பீட் ரோஸ் விஷயமும் என்னை உறுத்துகிறது. பந்தை அடித்துத் தளத்தை எட்டும் 'ஹிட்' 4,256 அடித்த மனிதர். மேலாளராக இருந்தபோது தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டினார். 1989 ஆகஸ்டில் அவரைத் தடை செய்த அப்போதைய ஆணையர் பார்ட் ஜியாமாட்டி எட்டே நாளில் மாரடைப்பில் இறந்தார். அந்தத் தடை நியாயமானது என்பதே என் எண்ணம். ஆனால் 2018 நவம்பரில், சூதாட்ட நிறுவனமான எம்ஜிஎம்முடன் லீகே கூட்டு வைத்துக்கொண்டது. ரோஸ் 2024 செப்டம்பரில் இறந்தார். அடுத்த மே மாதம், இறந்தவர்களால் விளையாட்டின் நேர்மைக்கு ஆபத்து வராது என்று சொல்லி மேன்ஃப்ரெட் தடையை நீக்கினார். அதற்கு முன்பு அதிபர் டிரம்ப் அவரிடம் ரோஸைப் பற்றிப் பேசியிருந்தார். உயிரோடு இருந்தபோது தண்டித்தது கொள்கை என்றால், இறந்த பிறகு காட்டிய இந்தக் கருணைக்கு என்ன பெயர்?

2029 ஜனவரியில் ஓய்வு பெறப்போவதாக மேன்ஃப்ரெட் அறிவித்திருக்கிறார். அடுத்தவரையும் அதே 30 உரிமையாளர்கள்தான் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். அந்தத் தேர்வில் ஆட்டக்காரர் சங்கத்துக்கு ஓர் இடம் வேண்டும், அணி குடிகொண்டிருக்கும் நகரங்களுக்கு ஓர் இடம் வேண்டும். 2024 செப்டம்பர் 26 அன்று கொலீசியத்தில் கடைசி ஆட்டம் முடிந்ததும் அணியின் மேலாளர் மார்க் காட்சே மைக்கைப் பிடித்துக்கொண்டு களத்தில் நின்று ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். 46,000க்கும் அதிகமானோர் எழுந்து நின்று ஓக்லாண்டின் பெயரை முழங்கினார்கள். அவர்களில் ஒருவரிடமும் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.