ஒரு கோடிதான் கொடுத்தாச்சே என்கிறவர்களுக்கு

நேற்று இரவு அந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேட வேண்டாம். 2025 ஜூன் 12இல் அகமதாபாத்தில் நடந்த ஏர் இந்தியா விமான விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் வழக்குப் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. டாடா ஒரு கோடி கொடுத்தாச்சே, இதுக்கு மேல இவங்களுக்கு என்ன வேணுமாம் என்று ஒருவர் கேட்டார். கூட உட்கார்ந்திருந்த யாரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெறியாளர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கோடி, ஏர் இந்தியாவின் உரிமையாளரான டாடா குழுமம் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் தானாக முன்வந்து அறிவித்த தொகை. நல்ல விஷயம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் விமான நிறுவனம் சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீடு வேறு. அதற்கும் யாருடைய பெருந்தன்மைக்கும் சம்பந்தமே கிடையாது. 1999இல் மாண்ட்ரியலில் நாடுகள் கூடிப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா அதில் 2009இல் சேர்ந்தது, அதற்காகவே தன் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தையும் திருத்தியது. சர்வதேசப் பயணத்தில் விபத்து நடந்து பயணி இறந்தால், தப்பு யார்மேல் என்ற கேள்வியே எழாமல், ஒரு வரம்பு வரை விமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் ஒப்பந்தத்தின்படி அந்த வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். இது ஐ.எம்.எஃப். வைத்திருக்கும் கணக்கு அலகு. விபத்து நடந்த சமயத்து மதிப்பில் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய். அதற்கு மேலும் கேட்கலாம். அப்படிக் கேட்டால், தன் பக்கம் கவனக்குறைவு இல்லை, அல்லது முழுத் தப்பும் வேறு யாருடையதோ என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான்.

வர வேண்டிய கடனைக் கேட்கிறவனைப் பேராசைக்காரன் என்று யாரும் சொல்வதில்லை. இதுவும் அப்படித்தான். டிக்கெட் வாங்கிய நிமிடத்திலேயே அந்தப் பயணிக்கு வந்துவிட்ட உரிமை இது. அதைக் கேட்க ஒரு குடும்பம் வெட்கப்பட வேண்டுமா? மகனைப் பறிகொடுத்தவர்களைத் தொலைக்காட்சியில் வைத்துக் கூச வைக்க வேண்டுமா?

சரி, உரிமை இருக்கிறதே, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் என் ஆதங்கமே. தப்பு பார்க்காமல் கொடுப்பதற்கு அந்த வரம்பு அதிகபட்சம்தான், எல்லோருக்கும் உறுதியான குறைந்தபட்சம் இல்லை. 1.8 கோடி வரை தப்பு யார்மேல் என்று பார்க்க மாட்டார்கள், ஆனால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்ப்பார்கள். இறந்தவர் எவ்வளவு சம்பாதித்தார், வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினார், எத்தனை பேர் அவரை நம்பி இருந்தார்கள், எல்லாவற்றுக்கும் காகிதம் காட்ட வேண்டும்.

மங்களூரு விபத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். நிறையப் பேர் காசர்கோடு, தட்சிண கன்னடா பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள். துபாயில் வேலை பார்த்த ஒரு இளைஞனின் குடும்பம் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2011 ஜூலையில் தனி நீதிபதி, சம்பளம் எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது ஒரு லட்சம் எஸ்.டி.ஆர்., அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 75 லட்சம் கொடுக்க வேண்டும் என்றார். அடுத்த மாதமே அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்துவிட்டது. நஷ்டத்தை நிரூபித்தால்தான் பணம், நிரூபித்த அளவுக்குத்தான் பணம் என்று ஆகிவிட்டது. பெரும்பாலான குடும்பங்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேசி முடித்துக்கொண்டன.

அதே விமானத்தில் ஒரு நிறுவனத்தின் மண்டல இயக்குநரும் வந்தார். அவர் குடும்பம் விடாமல் போராடியது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7.64 கோடி ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னது. சம்பளத்தை அடிப்படை, படி என்று எத்தனை தலைப்பில் பிரித்து எழுதியிருந்தாலும் மொத்தத்தையும் வருமானமாக எடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நல்ல தீர்ப்பு. அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் பத்து வருடம்! பத்து வருடம் வக்கீல் வைத்து நிற்கக்கூடிய குடும்பம் எத்தனை? ஒரே விமானம், ஒரே பள்ளம், ஒரே தீ. ஒருவருக்குச் சம்பளப் பத்திரம் இருந்தது. இன்னொருவருக்கு இல்லை.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா குவைத்தில் கொத்தனார். சம்பளச் சீட்டில் இருப்பது ஒரு தொகை. ஓவர்டைம் கையில் கொடுப்பார்கள், வெள்ளிக்கிழமை வெளியே போய்ப் பார்க்கிற வேலைக்குக் கணக்கே கிடையாது. வீட்டுக்குப் பணம் பாதி வங்கி வழியாக வரும், பாதி ஊருக்கு வருகிறவர் கையில் வரும். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் சித்தி எதைக் காட்டி நஷ்டத்தை நிரூபித்திருப்பார்?

இன்னொன்றும் நடந்தது. நான் பள்ளியில் படித்த காலம். ஊருக்கு வந்த சித்தப்பாவின் பெட்டி சென்னையில் இறங்கவில்லை. அழைக்கப் போன நானும் அப்பாவும் வெளியே காத்திருந்தோம், எல்லோரும் வந்துவிட்டார்கள், அவர் மட்டும் வரவில்லை. கடைசியாக வெறும் கைப்பையோடு, ஒரு கார்பன் நகல் படிவத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெட்டி கடைசி வரை கிடைக்கவில்லை. எந்த நிறுவனம் என்று எழுதவில்லை, அது முக்கியமும் இல்லை. அப்போது மாண்ட்ரியலுக்கு முந்தைய பழைய வார்சா ஒப்பந்தக் கணக்கு, கிலோவுக்கு 20 டாலர். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் மதிக்கவில்லை, எத்தனை கிலோ என்று சீட்டைப் பார்த்தார்கள். உள்ளே அத்தை கல்யாணத்துக்கு வாங்கிய புடவை இருந்தது. பாட்டிக்குக் கம்பளி, கோடாலி தைலம், எங்களுக்கு டாங் டப்பா. அதெல்லாம் போகட்டும். அறையில் கூட இருந்த அரியலூர்க்காரர் தன் மனைவிக்கும் குழந்தைக்கும் கொடுத்தனுப்பிய பொட்டலமும் அதில் இருந்தது. சித்தப்பா விடுமுறையில் அரியலூர் வரை போய், அந்த அம்மாவிடம் பெட்டி தொலைந்த கதையைச் சொல்லி, நம்ப வேண்டுமே என்று படிவத்தைக் காட்டி, தன் கைக்காசைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த அம்மா நம்பினாரா என்று சித்தப்பாவுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

பெட்டிக்கான கிலோ கணக்கை மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஒழித்தது. இப்போது பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரை. முன்னேற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மனிதருக்கு மட்டும் இன்னும் சம்பளச் சீட்டைப் பார்க்கிறோம்.

இதை எழுதினால் என்ன பதில் வரும் என்று தெரியும். முதலாவது, இப்படி அள்ளிக் கொடுத்தால் டிக்கெட் விலை ஏறும் என்பார்கள். பணம் பெரும்பாலும் காப்பீட்டிலிருந்து வருகிறது ஐயா. நிறுவனங்கள் தங்கள் பொறுப்புக்குப் போதுமான காப்பீடு வைத்திருப்பதை நாடுகள் உறுதிசெய்ய வேண்டும் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. அதன் செலவு ஏற்கெனவே உங்கள் டிக்கெட்டில்தான் இருக்கிறது. செத்துப்போனவரும் அதைக் கட்டியவர்தான்.

இரண்டாவது, விசாரணை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் விமான விபத்து விசாரணை என்பது இனி இப்படி நடக்காமல் தடுப்பதற்காக. யார்மேல் பழி, யார் பணம் கட்ட வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் வேலையே இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ ஒப்பந்தத்தின் 13ஆவது இணைப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. அகமதாபாத் விபத்து பற்றி 2025 ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை, எரிபொருள் சுவிட்சுகள் அணைந்த நிலைக்குப் போனதைச் சொன்னதும் நம் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே விமானிக்குத் தீர்ப்பு எழுதினார்கள். அந்த அவசரத்தில் பாதியாவது குடும்பங்களுக்குப் பணம் கிடைப்பதில் காட்டியிருக்கலாம். வரம்பு வரை கொடுக்க, தப்பு யார்மேல் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எத்தனை தடவை சொல்வது?

மூன்றாவது, வெளிநாட்டு வக்கீல்கள் வந்து தூண்டிவிடுகிறார்கள் என்பது. சில பேர் அப்படித்தான், எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் காப்பீட்டு நிறுவனத்துக்கு வக்கீல் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லையே. விதவைக்கு வக்கீல் இருந்தால் மட்டும் ஏன் உறுத்துகிறது?

பஸ் விபத்தில் சாகிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்று நான்காவதாக ஒருவர் வருவார். உண்மை, அதையும் எழுத வேண்டும். இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் ரயிலைப் பாருங்கள். ரயில் விபத்தில் இறந்தால் 2017 முதல் 8 லட்சம். ஏசி முதல் வகுப்பில் போனவருக்கும் அதேதான், முன்பதிவில்லாத பெட்டியில் கதவோரம் நின்று போனவருக்கும் அதேதான். சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. தொகை போதாது என்று சண்டை போடலாம், ஆனால் முறை சரியான முறை. இதை விமானத்துக்கு ஏன் செய்யக் கூடாது? இந்தச் சம்பளத்துக்குக் கீழே இருந்தாலும் இவ்வளவு உறுதி என்று ஒரு அடித்தளத் தொகையை நம் நாடாளுமன்றம் நம் சட்டத்தில் எழுதலாம். 2011இல் அந்தத் தனி நீதிபதிக்குத் தோன்றிய நியாயம் சட்டம் இயற்றுகிறவர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

அகமதாபாத்தில் விமானத்துக்குள் இறந்த 241 பேரோடு கதை முடியவில்லை. கீழே 19 பேர். மருத்துவக் கல்லூரி விடுதி மேல் விமானம் விழுந்தது மதியச் சாப்பாட்டு நேரம். மெஸ்ஸில் தட்டில் சோறு அப்படியே இருந்த படத்தை எல்லோரும் பார்த்தோம், பகிர்ந்தோம். அவர்கள் டிக்கெட் வாங்கவில்லை, எங்கேயும் கிளம்பவில்லை. அவர்களுக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தாது. தரையில் இருப்பவர்களுக்காக 2009இல் அதே மாண்ட்ரியலில் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். போதுமான நாடுகள் சேராததால் அது நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது. டாக்டராக வேண்டிய பிள்ளைக்குக் காட்டச் சம்பளச் சீட்டும் கிடையாது. அந்தப் பெற்றோரிடம் போய் இதுக்கு மேல என்ன வேணும் என்று கேட்கத் துணிச்சல் உள்ளவர் இருந்தால் போகட்டும்.

கடைசியாக, வளைகுடாவிலும் லண்டனிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு. பயணி சார்பில் வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு, அதற்கப்புறம் உரிமையே போய்விடும். அகமதாபாத் குடும்பங்களுக்கு அது 2027 ஜூன் 12. உங்களுக்குத் தெரிந்த குடும்பம் யாராவது இருந்தால் தேதியைச் சொல்லுங்கள். முழு, இறுதித் தீர்வு என்று எழுதிய எந்தத் தாளிலும் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் சம்பளச் சீட்டு, அக்காமா (குடியிருப்பு அனுமதி அட்டை) நகல், பணம் அனுப்பிய ரசீது, எல்லாவற்றையும் இன்றைக்கே படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். ஓவர்டைம் கையில் வாங்கினால் தேதி போட்டு நோட்டில் எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்து கேளுங்கள். கொடுக்க மாட்டார்தான், இருந்தாலும் கேளுங்கள்.