டிராகுலா பல்ல இளிச்சிருந்தா அந்தப் படம் அன்னிக்கே காலி

சனிக்கிழமை ராத்திரி ஒரு பழைய பேய் காமெடிப் படத்தப் பத்தி அந்த லைவ்ல நடந்தது பாத்தவங்களுக்குத் தெரியும், மறுபடி மொதல்லேர்ந்து சொல்ற தெம்பு எனக்கில்ல. "ரெண்டு பேரு கத்திக்கிட்டே ஓடுறான், இதுக்குப் பேரு கிளாசிக்கா"ன்னு நம்ம சினிமா அறிஞர் கேட்டாரு, நான் மரியாதையா நாலு வரி போட்டேன், அதுக்கு வரிசையா ஹாஹா விட்டீங்க. சந்தோஷம். இது என் பக்கம், இங்கயாவது முழுசா பேசிக்கிறேன்.

படம் 1948ல வந்த 'அபாட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்', அபாட், காஸ்டெல்லோங்கிற காமெடி ஜோடி டிராகுலா, ஓநாய் மனுஷன், ஃபிராங்கன்ஸ்டைனோட மான்ஸ்டர் மூணு பேர் நடுவுல மாட்டிக்கிற கதை. அத பத்தி நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு தான். அதுல பேய்ங்க காமெடி பண்ணல. டிராகுலாவா வர்ற பெலா லுகோசி, 1931ல அந்த வேஷம் போட்டப்ப எவ்ளோ விறைப்பா இருந்தாரோ அதே விறைப்போட தான் 65 வயசுலயும் வந்து நிக்கிறாரு. லான் சானி ஜூனியரோட ஓநாய் மனுஷன் பாவம், நிலா வந்தா என்ன ஆகப்போகுதுன்னு தெரிஞ்சு நிஜமாவே தவிக்கிறான். அவங்க சீரியஸா இருக்கறதால தான் லூ காஸ்டெல்லோ நடுங்குறத பாத்தா நமக்கு சிரிப்பு வருது. பேயும் கூட சேந்து இளிச்சா எவன் பயப்படுவான், எதுக்கு சிரிப்போம்?

அந்த மெழுகுவத்தி சீன எடுத்துக்கங்க. காஸ்டெல்லோ சவப்பெட்டி மேல மெழுகுவத்திய வச்சுட்டு டிராகுலா கதைய எழுத்துக்கூட்டாத குறையா படிச்சுட்டு இருக்கான், மூடி மெதுவா தூக்குது, மெழுகுவத்தி நகருது, கூட்டாளிய கூப்பிட வாய திறக்குறான், சத்தமே வரல, காத்து தான் வருது. அந்தக் கூட்டாளி, அபாட், திரும்பி வர்றப்ப எல்லாம் கப்சிப். இன்னொன்னு, அந்த மான்ஸ்டர் காஸ்டெல்லோவ பாத்து பயந்து பின்வாங்கும், உடனே லுகோசி அதுக்கு தைரியம் சொல்லுவாரு பாருங்க, முகத்துல ஒரு நரம்பு கூட அசையாது. அத கத்திக்கிட்டு ஓடுறதுன்னு சொல்றவங்க படத்த பாத்தாங்களா இல்ல தம்ப்நெயில பாத்தாங்களா?

"உனக்கு ஏன் இவ்ளோ எரியுது"ன்னு கேட்டவங்களுக்கு. படத்துல ரெண்டு பேரும் ஃப்ளோரிடாவுல ரயில்வே பார்சல் ஆபீஸ்ல பெட்டி இறக்குறவங்க. நானும் காலேஜ் முடிச்சு ஒரு பார்சல் ஆபீஸ்ல குடோன்ல நின்னவன் தான். ஒருநாள் லாரிலேர்ந்து இறங்கும்போதே ஒரு மூலை நசுங்கி, உள்ள கண்ணாடி கலகலன்னு சத்தம் போட்ட பெட்டி. நான் சூப்பர்வைசர்கிட்ட ஓடிப்போய் அண்ணே வாங்க, வந்து பாருங்கன்னேன். அவரு டீய குடிச்சு முடிச்சு வந்தப்ப பெட்டிய யாரோ திருப்பி வச்சிருந்தாங்க, நசுங்குன பக்கம் செவுத்தோரம். "எங்கடா உடைஞ்சிருக்கு?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு, சிரிச்சாங்க. சாயங்காலம் பார்ட்டி வந்து பிரிச்சான், என் சம்பளத்துல பிடிச்சாங்க. படத்துலயும் இதே தான்யா! பெட்டிய திறந்தா காலி, பழி இவனுங்க மேல. நான் பாத்தேன் பாத்தேன்னு காஸ்டெல்லோ கத்துறப்ப சிரிப்பும் வரும், எனக்கு வயித்துல என்னமோ பண்ணவும் செய்யும். இத எந்த ரிவ்யூல எழுதுவீங்க?

இப்ப வருவாங்க, "படத்துல நடிச்ச லான் சானி ஜூனியரே இந்த ஜோடி ஹாரர் படங்கள கெடுத்துட்டாங்கன்னு பின்னாடி சொன்னாரே"ன்னு. சொன்னாரு, சொல்லிட்டு போகட்டும். மான்ஸ்டரா நடிச்ச கிளென் ஸ்ட்ரேஞ்சுக்கு கால்ல அடிபட்டப்ப அந்த வேஷத்தையும் மாட்டிக்கிட்டு ஒரு ஷாட்டுக்கு நின்னவரும் அவரு தான். மனுஷன் மேல எனக்கு அவ்ளோ பிரியம், ஆனா அவரு சொல்றதால நான் கண்ணால பாத்தது பொய்யாயிடுமா?

அப்புறம் ரத்தக்காட்டேரிக்கு கண்ணாடில பிம்பமே விழக்கூடாதாம், ஆனா இதுல டிராகுலாவோட பிம்பம் தெரியுதாம். கண்டுபிடிச்சிட்டீங்க, மாலை போடவா?

குழந்தைங்க படம்னு ஒருத்தர். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2001ல தேசிய திரைப்படப் பதிவேட்டுல இத சேத்துது, அங்க இருக்கறவங்க எல்லாம் எல்கேஜி போல. நாஸ்டால்ஜியான்னு இன்னொருத்தர். ஏங்க, 1948ல எங்கப்பாவே பொறக்கல!

எனக்கு கோவம் அந்த அறிஞர் மேல கூட இல்ல, அவரு தொழில் அது. கூட இருந்தவங்க மேல தான். அதுல மூணு பேரு என் வீட்டுல உக்காந்து இதே படத்த பாத்து புரண்டு புரண்டு சிரிச்சவங்க, ஓநாய் மனுஷன் லண்டன்லேர்ந்து ஃபோன்ல உறுமுறப்ப காஸ்டெல்லோ நாய் கத்துதுன்னு நினைச்சு திட்டுற இடத்த ரீவைண்ட் பண்ணி பாத்தவங்க. லைவ்ல அவரு மூஞ்சிய சுளிச்சதும் அவங்களுக்கும் படம் மொக்கையாயிடுச்சு. அபாட்டாவது மெழுகுவத்தி நகர்றப்ப அந்த ரூம்ல இல்ல, அதனால நம்பல. நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்தீங்களேய்யா?

பேரு சொல்லமாட்டேன். யாரு யாருன்னு ஸ்கிரீன்ஷாட் கேட்டு இன்பாக்ஸ்ல வராதீங்க, தரமாட்டேன். ஹாஹா போடணும்னா போட்டுட்டு போங்க, ஆனா 83 நிமிஷப் படத்த முழுசா பாத்துட்டு போடுங்க.