குறுவாய்த் தவளை குஞ்சு அன்று

பழுப்பு நிறச் சிறு தவளை ஒன்றின் படத்துக்குக் கீழே, அது எருதுத் தவளையின் குஞ்சு என்றும், மழைநீர் வற்றினால் அது பிழைக்காது என்றும் ஒரு குறிப்பு எழுதப்பட்டுள்ளது, இரண்டுமே சரியல்ல. படத்தில் இருப்பது முழு வளர்ச்சி அடைந்த அலங்காரக் குறுவாய்த் தவளை. ஆயுள் முழுதும் அது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை.

அளவை மட்டும் பார்த்தால் எவரும் ஏமாறக்கூடும் என்பதால், உடலைச் சற்று உற்று நோக்குவது நல்லது. எருதுத் தவளையின் குஞ்சுக்கு அகன்ற வாயும், முதுகில் நீளவாட்டில் ஓடும் தோல் மடிப்புகளும், பின்கால் விரல்களுக்கிடையே நிறைவான சவ்வும் உண்டு. இதற்கோ தலை சிறுத்து முக்கோணமாக இருக்கும். முதுகு வழவழப்பாக இருக்கும். கண்களுக்கிடையே தொடங்கிப் பின்புறம் நோக்கி விரியும் கரும்பழுப்புத் திட்டு தெளிவாகத் தெரியும். விரல்களில் சவ்வு பெயரளவுக்கே உண்டு. ஆணின் தொண்டை கறுத்திருக்கும்.

மழைநீர் வற்றினால் பிழைக்காது என்ற கூற்றும் திருத்தப்பட வேண்டியது. இவ்வினம் நீந்தி வாழ்வதைவிடச் சருகுக்கடியிலும் ஈர மண்ணிலும் பதுங்கி எறும்பையும் கறையானையும் தின்று வாழ்வதே அதிகம். மழைக்குட்டைகளும் நெல்வயல்களும் அதற்கு முக்கியமாக இனப்பெருக்கக் களங்கள். நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காக மிதக்கும் முட்டைகளிலிருந்து வெளிவரும் தலைப்பிரட்டைகள், குடல் வெளியே தெரியுமளவுக்குக் கண்ணாடி போன்றவை. அவை நீரை வடிகட்டி உண்டு விரைவில் உருமாறிக் கரையேறிவிடுகின்றன.