சிறுவர் நூலக வரலாற்றை ஒருவரோடு நிறுத்திவிட வேண்டாம்

சிறுவர் நூலகங்கள் பற்றிப் பேச்செடுத்தாலே அமெரிக்க நூலகர் ஆன் கரோல் மூர் பெயர்தான் முதலில் வரும். வரட்டும், அதற்குத் தகுதியானவர்தான். அமெரிக்காவின் பல பொது நூலகங்கள் சின்னப் பிள்ளைகளை உள்ளேயே விடாத காலத்தில், 1896இல், புரூக்ளினின் பிராட் நிறுவன நூலகத்தில் பிள்ளைகளுக்கான தனி அறையை நடத்த ஆரம்பித்தார். 1906இல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். குட்டி நாற்காலிகள், கைக்கு எட்டும் அலமாரிகள், கதை நேரம் எல்லாம் வந்தன. பெயரெழுதத் தெரிந்த பிள்ளை, புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்ற உறுதிமொழியை ஏற்றுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அப்புறம் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோகலாம். குழந்தையின் கையெழுத்தை நம்பிய அந்த மனசு எனக்கு ரொம்பப் பெரிது.

1918 முதல் 'தி புக்மேன்' இதழில் சிறுவர் நூல் விமர்சனமும் எழுதினார். அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். நாளடைவில் அவருடைய ரசனையே சட்டமாகிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகும், 1945இல், ஈ. பி. வைட்டின் 'ஸ்டூவர்ட் லிட்டில்' என்ற சிறுவர் நாவல் வெளிவரவே கூடாது என்று நீண்ட கடிதம் எழுதினார். படிக்கப்போகும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், அதே பொது நூலகத்தின் 135ஆம் தெருக் கிளையில் நடந்த வேலையைத்தான் நான் உண்மையான விமர்சனம் என்பேன். 1921இல் அங்கே சேர்ந்த பூரா பெல்ப்ரே, புவேர்ட்டோ ரிக்கோவில் பாட்டி சொல்லக் கேட்ட கதைகள் எதையும் அலமாரியில் காணாமல், தானே பிள்ளைகளுக்குச் சொன்னார். 1932இல் ஒரு கதையைப் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

1937இல் அதே கிளைக்கு வந்தவர் அகஸ்டா பேக்கர். வாசலில் நிற்பவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். உள்ளே இருந்த பல கதைகளிலோ கறுப்பினத்தவர் என்றாலே வேலைக்காரர், கோமாளி, கொச்சைப் பேச்சு. தன்னைப் போன்ற ஒருவரைக் கேலிப்பொருளாக மட்டுமே பார்க்கும் குழந்தை எப்படிப் புத்தகத்தை நேசிக்கும்? மொழி, கரு, படங்கள் மூன்றையும் வைத்து ஒவ்வொரு நூலையும் எடைபோட்டார் பேக்கர். மரியாதையோடு எழுதப்பட்டவற்றைத் தனித் தொகுப்பாகச் சேர்த்தார், பட்டியலாக அச்சிட்டார், பதிப்பாளர்களிடம் நேரில் வாதாடினார். எந்தப் பிள்ளைக்கு என்ன இல்லை என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவர் செய்த விமர்சனம் அது.

சிறுவர் இலக்கியம் படிப்பவர்கள், எழுதுபவர்கள், தயவுசெய்து பேக்கரிடமிருந்து தொடங்குங்கள். மூர் கட்டியெழுப்பிய அதே சிறுவர் பிரிவுக்கு 1961இல் தலைமை ஏற்று, 1974 வரை நடத்தியவரும் அவர்தான்.